லிஃப்ட் குழியில் மவுத் ஆர்கன்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் பல வருடம் கீழே போய்க்கொண்டிருந்தவன். இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரிப்பான், சிரித்து முடித்ததும் குடிக்கக் கிளம்பிவிடுவான்.

இப்போது விட்டுவிட்டான். நான் திட்டியதால் அல்ல. என் திட்டெல்லாம் அவனுக்குக் காற்றோடு போகிற விஷயம். ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்து, எழுந்து வந்து, தானாகவே விட்டான். அந்தப் பெருமையை அவனிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "குடிக்கப் போற நேரம் இருக்கே, அது காலியா இருக்கக் கூடாது. பிடிச்சதா ஏதாவது செய்யுங்க." பிடித்தது எது என்பதுதான் இவனுக்கு மறந்து போயிருந்தது. பூந்தொட்டிகள் வாங்கினான், பாசம் பொங்கித் தண்ணீராக ஊற்றியதில் செடியெல்லாம் அழுகிப் போயின. மகளோடு செஸ் ஆடினான். அந்தக் குட்டிப் பிசாசு தோற்கடித்துக்கொண்டே இருந்ததில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினான். அது இன்னும் ஒரு தட்டில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் எனக்கு போன் வந்தது. ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் கடைசியாக வந்து நிற்கிற இடத்துக்கும் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு குழி இருக்குமாம். அதற்குள் இறங்கி, வர வேண்டிய சாமானுக்காகக் காத்திருந்தவன், கருவிப் பையில் கிடந்த மவுத் ஆர்கனை எடுத்துச் சும்மா ஊதிப் பார்த்திருக்கிறான்.

"அக்கா, அந்தச் சத்தம் அப்படியே மேல ஏறுதுக்கா! ஒவ்வொரு மாடியிலயும் ஜனங்க லிஃப்ட் கதவுகிட்ட வந்து நின்னு கேட்டாங்களாம். கை தட்டுறாங்கக்கா! ஒரு சொட்டு இல்லாமலே வருதுக்கா!"

அடேங்கப்பா, அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்! பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய அன்றுகூட அவன் அப்படிப் பேசவில்லை.

அதே சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து வாசித்திருக்கிறான். அங்கேதான் வந்தது வினை.

நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். சாயங்காலம் அவன் மனைவி போனில் கிசுகிசுத்தாள். "அண்ணி, கீழ வாங்க. ஆரம்பிச்சிட்டாரு."

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். வண்டிச் சாவி மாவு டப்பாவுக்குள் போயிருந்தது. கண்ணாடி டம்ளர்கள் பரண் மேல் ஏறியிருந்தன. மகள் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டுவிட்டாள். நடுக்கூடத்தில் இவன் மவுத் ஆர்கனோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"ஊதுடா!" என்றேன்.

பாவம், மவுத் ஆர்கனை ஊதினான்.

"அதை இல்லடா, என் மூஞ்சில ஊது!"

ஊதினான். டீ வாசனைதான் அடித்தது. ஆனால் அவன் முகம் தொங்கிப் போய்விட்டது. மவுத் ஆர்கனை பீரோ மேல் தூக்கிப் போட்டான். அதன்பிறகு வேலை விட்டு வந்தால் டிவி, டிவி விட்டால் படுக்கை.

ஒரு நாள் மாடியேறி வந்து என் வாசலில் நின்றான். "அக்கா, இன்னிக்கு பார் இருக்கிற தெரு வழியா வந்தேன். உள்ள போகல. ஆனா அந்த வழியா வந்தேன்."

இவ்வளவு தூரம் வந்தவன் திரும்பிப் போய்விட்டால், இன்னொரு முறை அந்த ஈரல் தாங்காது. நேராகக் கீழே போனேன். அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் குடிச்சப்ப எல்லாம் பொறுத்துக்கிட்ட. இப்ப வாசிக்கிறதப் பொறுத்துக்க முடியலையா உனக்கு?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். "குடிச்சாத்தான் அண்ணி வாசிப்பாரு. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து அப்படித்தான். அந்தச் சத்தம் கேட்டாலே அடுத்து என்ன உடையப் போகுதோன்னு கை தானா ஓடுது. அவருக்கு அது பாட்டு. எனக்கு அப்படியா? வேணும்னா செய்யறேன் நானு?"

அவள் சொன்னதில் எதைத்தான் தப்பு என்பது?

நான் வாசல் வரை போனதும் அவளே கூப்பிட்டாள். "வீட்டுல வேணாம் அண்ணி. லிஃப்ட் குழியில வாசிச்சாராமே, அங்க வாசிக்கச் சொல்லுங்க. நான் வந்து கேக்குறேன். அங்க எதுவும் உடைஞ்சதில்ல."

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்கு விடுமுறை. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். தம்பி லிஃப்டை மேல் மாடியில் நிறுத்திவிட்டுக் குழிக்குள் இறங்கினான். அவள், மகள், நான் மூன்று பேரும் இரண்டாவது மாடியில், மூடிய லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றோம்.

வாசிக்க ஆரம்பித்தான். எப்போதும் வாசிக்கிற அதே பழைய பாட்டு. அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படிப் பக்கமே பார்த்தாள். ஓடிவிடுவாளோ என்று பயந்து அவள் கையைப் பிடித்தேன். மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று பாட்டு இறங்கி, நிதானமாகி, வேறு பக்கம் திரும்பியது. இரண்டு இடத்தில் தடுமாறினான், மறுபடி பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, இது வேற பாட்டா?"

"அதே பாட்டுதாண்டி. இது பின்பாதி."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. வீட்டில் அவன் இந்த இடம் வரை வந்ததே இல்லை. பாதியிலேயே மவுத் ஆர்கன் சுவருக்குப் பறக்கும், இல்லையென்றால் அவன் தரையில் சாய்ந்திருப்பான். குடிப் பழக்கம் வருவதற்கு முன்னால் அவன் முழுசாக வாசித்து நான் கேட்டிருக்கிறேன். அவனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு லிஃப்ட் கதவில் காதை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் மகளும் வைத்தாள். நான் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

பாட்டு முடிந்தது. கீழேயிருந்து அவன் குரல் தயங்கித் தயங்கி ஏறி வந்தது. "கேட்டுச்சா?"

அவள் கதவு இடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள். "கேட்டுச்சு! அந்தப் பின்பாதிய மட்டும் இன்னொரு தடவை வாசிங்க!"