ஸமத் மூடிய பரண்

அனார்குல் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவள். நாரின் நகரத்துக்குப் பக்கத்து மலைக்கிராமம் அது. உயிரை உறைய வைக்கிற குளிரில் இருநூறு பிள்ளைகள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடம் படிக்கிறார்கள் என்றால் அது அவள் கைவேலை. அவள் வீட்டு மச்சு, தலைக்கு மேலிருந்த பலகை உட்கூரை, மட்டும் இரண்டு குளிர்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஊர் அதைச் சொல்லிச் சிரித்தது. அவளுக்கு உறைக்கவில்லை. மகன் ஸமத் மாஸ்கோவில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, தகரப் பெட்டியில் வந்து இறங்கிய நாள் முதல் அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவாள். வைக்காவிட்டால் கேட்க மாட்டாள்.

வீட்டில் மிஞ்சியவர்கள் மருமகள் ஜிபாரும், அவளுடைய இரண்டரை வயது மகள் பெர்மெத்தும். போன குளிர்காலத்தில் அடுப்பு எரிய எரிய மச்சிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியது. மூலைகளில் கரும்பூசணம் பிடித்தது. நுரையீரலில் சளி கட்டி, குழந்தை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தது.

அனார்குல் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"எந்நேரமும் துணியைக் கொதிக்க வைக்கிறே. பானைக்கு மூடி போடத் தெரியுதா உனக்கு? ஆவி எங்கதான் போகும்? உங்க வீட்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையா?"

ஜிபார் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைப்பாள். பிறகு குழந்தைத் துணியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவாள். ஐஸை உடைத்துத் துவைப்பாள். விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். அப்போதும் மச்சு ஒழுகத்தான் செய்தது. அனார்குலுக்கு அது கணக்கில் வரவில்லை. பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்கிற வேலை மிச்சம்.

ஆகஸ்டில் ஜிபாரின் அப்பா தோக்தோசுன் வந்தார். மரியாதையான மனிதர். ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார்.

"சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. முதல் பனி விழுந்த அன்னிக்கு வருவேன். மச்சு காஞ்சிருந்தா சந்தோசம். ஈரமா இருந்துச்சுன்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவேன். புள்ளய மண்ணுக்குக் குடுக்க என்னால முடியாது."

மகன் வழிப் பிள்ளை மகன் வீட்டில்தான் வளர வேண்டும், ஊர் வழக்கம் அது. ஆனால் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளையை வைத்துக்கொண்டு அனார்குல் எந்த வழக்கத்தைப் பேசுவது? குழந்தையும் போய்விட்டால் அந்த வீட்டில் ஸமத்தின் ரத்தம் என்று எதுவும் இருக்காது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் மச்சு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள். செப்டம்பர் கடைசியில் முதல் அடுப்பு மூட்டியதும் சுண்ணாம்பையும் மீறி மஞ்சள் கறை வந்தது. பெர்மெத் இருமினாள். அனார்குல் சால்வையைப் போர்த்திக்கொண்டு கூரைவேலைக்காரன் ஷாமெனைத் தேடிப் போனாள்.

ஷாமென் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. "அடடே, சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது? ரெண்டு வருசமா நானும் கேக்கிறேன், பரண்ல ஏறிப் பாக்கட்டுமான்னு. ஏணி வச்சா காலை ஒடிப்பேன்னீங்களே அக்கா?"

"இப்ப ஏறு."

மச்சுக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த அந்தப் பரணில் அவள் யாரையும் ஏற விடாததற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று ஊர் நினைத்தது. காரணம் வேறு. மாஸ்கோ போவதற்கு முந்தின வாரம் ஸமத் தன் கையால் செய்த கடைசி வேலை அங்கே இருந்தது. அம்மா குளிரில் நடுங்கக்கூடாது என்று ஐந்து மூட்டை ஆட்டுக் கம்பளியைப் பரப்பி, அதன் மேல் பசுமைக்குடில் பிளாஸ்டிக்கை இழுத்து ஆணி அடித்தான். கூரையின் இரு முகப்பிலும் காற்றுக்காக இருந்த சின்ன ஜன்னல்களைப் பலகை வைத்து மூடினான். மேய்ச்சல் நிலத்தில் கம்பளிக் கூடாரத்தின் உச்சித் துளையை இழுத்து மூடினால் சூடு உள்ளேயே நிற்கும் அல்லவா, வீட்டுக்கும் அதே நியாயம்தான் என்று நினைத்துவிட்டான்.

அவளும் பின்னாலேயே ஏறி நிற்க, ஷாமென் பிளாஸ்டிக்கின் ஒரு முனையைத் தூக்கினான். அடிப்பக்கத்திலிருந்து நீர் சரசரவென்று வழிந்தது. கீழே கம்பளி கறுத்து, கூழாகிக் கிடந்தது. நாற்றத்துக்கு ஷாமென் சட்டைக் கையால் மூக்கைப் பொத்தினான்.

"பாத்தீங்களா அக்கா? கூடாரத்துக் கம்பளி மூச்சு விடும். இது விடுமா? நாம விடுற மூச்சு, டீ கொதிக்கிற ஆவி, எல்லாம் மேல வந்து பிளாஸ்டிக்ல முட்டித் தண்ணியாயிடுது. ஜன்னலும் இல்ல, வெளிய போக வழியில்ல. மூடினவன்..." என்று ஆரம்பித்தவன், யார் மூடினது என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஜிபார் பானைக்கு மூடி போடாததால இல்லையா?"

"பானையா? ஒரு ஊரே கொதிக்க வைக்கட்டும். காத்து போக வழி இருந்தா ஒரு சொட்டு இறங்காது."

அனார்குல் ஆணிகளைப் பார்த்தாள். ஸமத்துக்கு ஆணி அடிக்கவே வராது. ஒன்று வளையும், பக்கத்திலேயே இன்னொன்றை அடிப்பான். எல்லா இடத்திலும் இரண்டிரண்டாக இருந்தன. அவள் அழப்போகிறாள் என்று ஷாமென் ஒதுங்கி நின்றான். அழுகை வரவில்லை. மரக்கட்டை மாதிரிதான் இருந்தாள். கடப்பாறையை வாங்கி ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினாள்.

வேலை நாலு நாள் நடந்தது. அழுகின கம்பளியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மச்சுப் பலகை காய்ந்ததும் அதன் மேல் கீழேயிருந்து ஆவி கம்பளி வரை ஏறாதபடி பிளாஸ்டிக்கை முதலில் விரித்து, இடுக்கெல்லாம் ஒட்டி, அதற்கு மேல் வெயிலில் உலர்த்திய புதுக் கம்பளியைப் போட்டார்கள். கூரை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி விட்டார்கள். ஜன்னல்களைத் திறந்து குருவி நுழையாமல் கம்பி வலை அடித்தார்கள். ஜிபார் கீழேயிருந்து கம்பளியைக் கூடை கூடையாக எடுத்துக் கொடுத்தாள். மாமியார் மேலே நின்று வாங்கிப் பரப்பினாள்.

அக்டோபர் முடிவில் பனி விழுந்தது. சொன்ன சொல் தவறாமல் தோக்தோசுன் வந்தார். பூட்ஸைக் கழற்றினார், பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினார், மச்சின் நாலு மூலையையும் உள்ளங்கையால் தடவினார். அடுப்பு மூன்று வாரமாக எரிந்துகொண்டிருந்தது. கையில் சுண்ணாம்புத் தூள்தான் ஒட்டியது. பெர்மெத் அவர் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "என்னையும் தூக்கு" என்று கத்தினாள். இருமல் இல்லை.

அவர் இறங்கி உட்கார்ந்து ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டு எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லது சம்பந்தி. ஆக, எம் பொண்ணுக்குப் புத்தி வந்து பானைக்கு மூடி போட ஆரம்பிச்சுட்டா. நானும் ஃபோன்ல எவ்வளவோ திட்டினேன் இவளை."

அனார்குல் 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் சுபம். செத்தவனைச் சம்பந்தி வீட்டார் முன்னால் குறை சொல்கிற வழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. பெற்றவளுக்கு அறவே இல்லை.

"பானையில ஒண்ணுமில்ல சம்பந்தி," என்றாள். "எம் பையன் தப்பாச் செஞ்சுட்டான். பரணை மூடிட்டான். தண்ணி அதனால வந்துச்சு. இந்தப் பொண்ணை ரெண்டு வருசம் அநியாயமா ஏசினேன்."

தோக்தோசுன் ரொட்டியைக் கீழே வைத்தார். தேநீர்க் குடுவையைப் பிடித்திருந்த ஜிபார் ஊற்றுவதை நிறுத்தினாள். மெல்லச் சொன்னாள்:

"எனக்குத் தெரியும் அம்மா."

"எது தெரியும்?"

"அவரு ஆணி அடிக்கிறப்ப பிளாஸ்டிக்கோட அந்த முனையைப் பிடிச்சிட்டிருந்தது நான்தான். தண்ணி கோத்துக்கும்னு அப்பவே சொன்னேன். சிரிச்சாரு."

"அப்புறம் ஏன்டி எங்கிட்டச் சொல்லல? கை வெடிக்க வெடிக்க ஆத்துக்குப் போனியே!"

"அவரு கையால செஞ்சது உங்களுக்குன்னு அது ஒண்ணுதானே இருந்துச்சு. அதையும் தப்புன்னு நான் சொல்லணுமா?"

அனார்குலுக்கு நெஞ்சு வலித்தது. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக எங்கோ வலித்தது. மருமகள்தான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றுவது அந்த வீட்டு முறை. அனார்குல் அந்த வெடித்துத் தழும்பேறிய விரல்களிலிருந்து குடுவையை வாங்கினாள். ஜிபாரின் கிண்ணத்தில் ஊற்றி, பாலும் விட்டு, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினாள்.