மூன்றடி உயரத்து அறை

நாங்கள் கதவைத் திறந்தபோது எங்கள் விடுதி அறைக்குள் ஒருவர் மண்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்தார். நீலச் சட்டை, இடுப்பில் கருவிப் பை, ஐம்பதைத் தாண்டிய வழுக்கை. கட்டில் விளிம்பைக் கையால் தடவினார், மேசை மூலையைத் தடவினார், அப்படியே தலையைத் திருப்பித் திரைச்சீலையின் கயிற்றை முறைத்தார். எதையோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று, "என்ன தேடறீங்க?" என்றேன்.

"உங்க பிள்ளைங்க எதையெல்லாம் தேடுமோ, அதைத்தான் சார்" என்றார், எழுந்திருக்காமலே.

விடுதியில் பழுதுபார்ப்பவர் அவர். ஊழியர்கள் எல்லாருக்கும் 'திருப்புளி அண்ணன்'. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் இவருக்கு எப்போதும் திருகாணி முடுக்கும் திருப்புளி ஒன்று இருக்கும். ஒழுகும் குழாய், எரியாத விளக்கு, இழுத்தால் திறக்காத அலமாரி, இவைதான் அவருடைய வேலை. ஆனால் வருகிறவர்களின் பட்டியலில் சின்னக் குழந்தைகள் என்று பார்த்துவிட்டால், அரை மணி முன்னதாகவே அந்த அறைக்குள் போய் முழங்காலில் ஒரு சுற்று வந்துவிடுவார். செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை. செய்ய வேண்டாம் என்று மேலாளர் இரண்டு முறை சொல்லியிருக்கிறாராம்.

"நின்னு பார்த்தா எல்லா ரூமும் நல்லாத்தான் சார் இருக்கும். மூணு அடியில இருந்து பாருங்க, அது வேற ரூம்" என்பார். பிளக் துளைகளுக்கு டேப் ஒட்டுவார். கயிற்றைச் சுருட்டி மேலே கட்டுவார். கண்ணாடி மேசையைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிடுவார். நிலைக்கண்ணாடியில் இருக்கும் விரல் அடையாளத்தின் உயரத்தைப் பார்த்தே, முந்தைய நாள் தங்கிய குழந்தைக்கு இரண்டு வயதா மூன்றா என்று சொல்லிவிடுவார். ஒற்றை அறை வீட்டில் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். இந்த விடுதியில் ஒரு நாள்கூட அவர் தங்கியதில்லை. "ஆனா எல்லாக் கட்டிலுக்கு அடியிலயும் படுத்திருக்கேன்" என்று அதில் ஒரு பெருமை.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளோடு கவலையில்லாமல் பயணம் போவது எப்படி என்று இதே பத்திரிகையில் ஆறு கட்டுரைகள் எழுதியவன் நான்தான். அவற்றை நம்பிக் கிளம்பிய வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி, மூன்றரை வயது மகள், ஒரு வயது மகன். கூடவே ஒன்பது பைகள். பத்தாவது பை நான் என்பாள் மனைவி. என்னையும் யாராவது இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறதாம்.

அன்று சாயங்காலம்தான் கவனித்தேன், குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் அது போய் நுழைய வேண்டிய வளையத்தைக் காணோம். நிலையில் இரண்டு துளைகள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பிறந்த பிறகு எனக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆடம்பரம் குளியலறைத் தாழ்ப்பாள்தான். அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் செல்போனைப் பார்ப்பதற்காகவே நான் பயணம் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம். வரவேற்பறைக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் தனிமனித உரிமையைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டு வந்தேன்.

அண்ணன் வந்தார். மகளுக்கு என்ன வயது என்று கேட்டார். சொன்னேன். அவளைத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, "எட்டுது சார்" என்றார்.

"அதெல்லாம் நான் பார்த்துக்குவேன். போடுங்க" என்றேன். கட்டுரையாளனின் குரல் அது. அவர் சொல்வதைத்தான் கேட்டால் என்ன என்று மனைவி கட்டிலிலிருந்து சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

அண்ணன் கதவருகே உட்கார்ந்தார். கருவிப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, திருகாணிகளைக் கிளறிக் கிளறித் தேடினார். இரண்டு திருகாணி பொறுக்க இவ்வளவு நேரமா என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வளையத்தைப் பொருத்தினார், தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டு எடுத்துக் காட்டினார், போய்விட்டார். நான் உள்ளே போய் ராஜா மாதிரி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை மனைவி மகனைத் தூக்கிக்கொண்டு கீழே சாப்பிடப் போனாள். மகளை நான் கூட்டிவருவதாக ஏற்பாடு. நான் ஒரு காலுறையைத் தேடிக் குனிந்து நிமிர்வதற்குள் குளியலறைக்குள்ளிருந்து 'டக்' என்று சத்தம் கேட்டது. அப்பா செய்வதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டாள், தாழ்ப்பாளையும் போட்டுவிட்டாள்.

முதலில் சிரித்தேன். இடது பக்கம் தள்ளு என்றேன். அவளுக்கு இடதும் தெரியாது, வலதும் தெரியாது. அழ ஆரம்பித்தாள். ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம், மறுபக்கம் அவள் அழும் சத்தம், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழுக்கி விழுந்தால், தொட்டிக்குள் இறங்கினால் என்று மனம் கண்டபடி ஓடியது. 'பதறாதீர்கள், உங்கள் பதற்றம் குழந்தைக்கும் தொற்றிக்கொள்ளும்' என்று நான்காவது கட்டுரையில் எழுதியவன், வராந்தாவுக்கு ஓடி, தளம் முழுக்கக் கேட்கும்படி அலறினேன்.

எங்கள் அறைக்கு எதிரிலேயே அண்ணன் ஏணியில் நின்று ஒரு விளக்கை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாகவே அங்கேதான் இருந்தார். ஒரு விளக்கை மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் இறங்கி வருவதற்குள் கதவை இடித்து உடைத்துவிடுவது என்று முடிவுசெய்து, நான்கு அடி பின்னால் போய்த் தோளைத் தயார்செய்தேன்.

"நில்லுங்க சார்." சட்டையைப் பிடித்து இழுத்தார். நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக் கதவிடுக்கில் பார்த்தார். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு.

"பாப்பா கதவுல சாஞ்சு நிக்குது. கால் தெரியுது" என்றார்.

இன்னும் ஒரு நொடி போயிருந்தால், என் எண்பது கிலோவும் அந்தக் கதவோடு சேர்ந்து அவள் மேல்தான் போயிருக்கும்.

அவர் இடுக்கு வழியாக இரண்டு விரலை உள்ளே விட்டு ஆட்டினார். "பாப்பா, இது யாரு விரல் சொல்லு?" அழுகை விக்கலானது. அப்பா விரலா என்று கேட்டாள். இல்லை, அப்பா விரலில் இவ்வளவு அழுக்கு இருக்காது என்றார் அவர். தொட்டுப் பார்த்தாள் போல, விரல் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மற்றக் கையை உயர்த்தி என்னை அடக்கினார்.

"தண்ணி சும்மா ஓடுது பாரு. போய் மூடிட்டு, அங்கயே நின்னு மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு. சத்தமா பாடணும், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பாட்டு குளியலறையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. அவர் மறுபடி இடுக்கில் பார்த்தார், எழுந்தார், உள்ளங்கையைக் கதவில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். தோள்கூட வேண்டியிருக்கவில்லை. வளையம் நிலையிலிருந்து பிய்ந்து தரையில் விழுந்தது. பாட்டு முடிவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்களே என்று மகளுக்குத்தான் வருத்தம்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கூச்சமில்லாமல்தான் அழுதேன். என் அலறல் கீழே வரை கேட்டதாம், மனைவி மகனோடு மூச்சிரைக்க வந்து நின்றாள். கதவைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மகளை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு கை தள்ளினதற்கே எப்படிக் கழன்றது என்று கேட்டேன். அண்ணன் தரையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கினார். என் சுண்டுவிரல் நகமளவுகூட இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து, நாங்கள் வருமுன் அவரே வளையத்தோடு கழற்றி, திருப்புளிக்குப் பக்கத்தில் போட்டுவைத்திருந்த இரண்டு நீளத் திருகாணிகளை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"போடச் சொன்னீங்க, போட்டேன். நீங்க உள்ள உட்கார்றதுக்கு அது போதும். அவசரத்துக்குத் தள்ளினா நிக்காது" என்றார். குரலில் குத்தல் இல்லை. குழாய் வாஷரைப் பற்றிச் சொல்லும் குரல்தான்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அதையும் ஒரு கட்டுரை போலத்தான் தொடங்கினேன், முன்னுரையிலிருந்து. அவர் கேட்டதாகத் தெரியவில்லை. குளியலறை வாசலில் மெல்ல மண்டிபோட்டு, தொட்டி, குழாய், சோப்பு வைக்கும் மேடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, தனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த தரையை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.