ஜுனைதீன் நானாவின் ‘அலை’ ஓர்கன்கள்

கடந்த வெள்ளிக்கிழமை காலை பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கிண்ணியாவிலிருந்து ஜுனைதீன் நானாவின் மகள் பௌசியா. “அக்கா, வாப்பா மௌத்தாகிட்டார். சுபஹு தொழுதிட்டுச் சாய்ஞ்சவர், எழும்பல்ல” என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னரே, நல்லவேளை, போன வருடம் போகாமல் இந்த வருடம் போனாரே என்று நெஞ்சு ஆறியது. அவரை அறியாதவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

திருகோணமலையில் துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில், அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்று அழைத்த அவரின் பட்டறை இருந்தது. சல்லியிலிருந்து பஸ் ஏறிப் போய் இருபத்திரண்டு வருடங்கள் அங்கே சோல்டர் பிடித்தவள் நான். அவர் செய்த எல்லாவற்றுக்கும் ‘அலை’ என்றே பெயர். முதலில் தகரப் பெட்டியில் அம்பிளிபயர் செய்தார். பள்ளிவாசல் பாங்குக்கும் கோயில் திருவிழாவுக்கும் அதே பெட்டிதான் போனது. பிறகு கலியாண வீடுகளுக்கு எக்கோ வைத்த செட் வந்தது.

ஒருநாள் கடற்கரைத் தேவாலயம் ஒன்றின் சுவாமியார் வந்தார். “வெளிநாட்டு ஓர்கன் வாங்க எங்களுக்கு ஏலாது. நீங்கள் ஒண்டு செய்து தருவீங்களோ?” என்று கேட்டார். நானா அதுவரை ஓர்கனைத் தொட்டும் பார்த்ததில்லை. “ஸ்பீக்கரக் கத்த வெக்கத் தெரியும். பாட வெச்சுப் பாப்பமே” என்றார். முதலாவது ஓர்கனின் மேல்ஸ்தாயி ஆட்டுக்குட்டி போலக் கத்தியது. ஆனாலும் அதை வைத்தே அங்கே ஒரு நத்தார், கிறிஸ்து பிறப்புப் பூசை, நடந்தது. இரண்டாவது, இரண்டு தட்டுக் கட்டைகளும் கால்மிதிகளும் கொண்டது. அதைக் கேட்க மூதூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதன் மின்வழங்கிப் பகுதி முழுவதையும் சோல்டர் செய்தவள் நான்.

அது அதே தேவாலயத்தில் பூசை நடக்கும் பங்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுவருடம், ஒரு மத்தியானம், மண்டபம் தீப்பிடித்தது. மேடையும் கூரையும் எரிந்தன. மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட சூசை அண்ணனுக்கு ஓர்கனை வெளியே இழுத்ததில் கை வெந்துபோனது. ஓர்கனில் ஷோர்ட்டாகித்தான் பிடித்தது என்று ஊர் பேசியது. ஆரும் விசாரிப்பதற்கு முன் நானா சுவாமியாரிடம் போய் நின்றார். “என்ட பெட்டிதான். உள்ள வயர் வேல எல்லாம் என்ட கை” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அன்றோடு ஓர்கன் நின்றது. ஒன்பது வருடங்கள், மீன்காரரின் மோட்டார்சைக்கிளில் பூட்டும் சின்ன அம்பிளிபயர்களை மட்டுமே செய்தோம். ஆராவது ஓர்கன் கேட்டால், “அது எனக்குச் சரிவராது” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் கைப்பிழை என்ற எண்ணம் என்னை ஒருநாளும் விடவில்லை.

சென்ற வருடம் புதுச் சுவாமியார் களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி, கரிந்த ஓர்கனை லொறியில் அனுப்பிவைத்தார். “தொறக்காத புள்ள, அப்பிடியே கெடக்கட்டும்” என்றார் நானா. அவர் ளுஹர் தொழப் போன நேரம் நான் பின்கதவைக் கழற்றினேன்.

வெளிப்பலகைதான் கரிந்திருந்தது. உள்ளே என் சோல்டர் புள்ளிகள் போட்டபடியே மினுங்கின. பியூஸ் போகவில்லை. கரன்ட் வயரோ பிளக்கோடு சுருட்டி, உள்ளே கொளுக்கியில் மாட்டியபடி, சூட்டில் ஒரே வளையமாக ஒட்டிக் கிடந்தது.

நானா திரும்பி வந்ததும் அதை அவர் கையில் வைத்தேன்.

“இது... பிளக் பண்ணவே இல்லையா?”

“இல்லை நானா. கரன்டே போகேல்லை.”

கதிரையில் அமர்ந்து வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ஒன்ட சோல்டர்?” என்றார்.

“அப்பிடியே இருக்கு.”

“ஒன்ட சோல்டர் பிழைக்காதெண்டு எனக்குத் தெரியும். என்ட பெட்டியிலதான் பிழையெண்டு நெனச்சன்.”

“தெரிஞ்சும் ஏன் உங்கட கையெண்டு சொன்னீங்கள்?”

“ஒனக்கு அப்ப ரெண்டு சின்னப் புள்ளைகள். அந்தப் பேரோட ஆரு ஒனக்கு வேல தருவாங்க?”

அன்று பின்னேரமே இருவரும் சூசை அண்ணனிடம் போனோம். தழும்பேறிய கையால் அந்த வளையத்தை வாங்கிப் பார்த்தார். “பூசை முடிய நான்தானே சுத்தி மாட்டிறனான். அண்டைக்கும் மாட்டினனான். ஆரும் என்னட்டக் கேக்கேல்லையே!” என்றார். நானா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பினூடே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீ எப்படிப் பிடித்தது என்பது இன்றுவரை தெரியாது. எங்களால் இல்லை என்பது போதுமாயிருந்தது.

அடுத்த கிழமையே பலகை வாங்கினார். ஏழு மாதத்தில் மூன்றாவது ஓர்கன் முடிந்தது. அது நல்ல ஓர்கன். ஆட்டுக்குட்டி எதுவும் கத்தவில்லை. புது மண்டபத்தில் அதைத் தன் கையாலேயே பிளக்கில் கொழுவி, சுவிட்சைப் போட்டுவிட்டு, “ம், பாடட்டும்” என்றார். அது நடந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை கிண்ணியா போய் முகம் பார்த்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் கண்ணயர்ந்தவர் போலத்தான் இருந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் தோளில் எடுத்துப் போனார்கள். நாங்கள் பெண்கள் படலையடியில் நின்று, வெள்ளைத் தொப்பிகள் முடக்கில் மறையும்வரை பார்த்தோம். திரும்பி வரும்போது பாலத்தில் மழை தூறியது. பஸ் யன்னலை மூட மனம் வராமல் நனைந்துகொண்டே வந்தேன்.

நானா, நீங்கள் பாரமில்லாமல் போனீர்கள். என் பாரத்தையும் இறக்கிவிட்டுப் போனீர்கள். நிம்மதியாக உறங்குங்கள்.