பம்பரைக் கழற்றாமல் ஒரு பல்ப்

ஆட்டோ எலக்ட்ரீஷியனின் புறங்கையைப் பார்த்தாலே அவன் எத்தனை வகைக் காரில் ஹெட்லைட் பல்ப் மாற்றியிருக்கிறான் என்று சொல்லிவிடலாம். கொட்டாரம் ஊரில் கடை வைத்திருக்கும் என் கையிலும் சிராய்ப்புக்குக் குறைவில்லை. பானெட்டுக்குள் விட்ட கையை வெளியே எடுக்க முடியாமல் விழிக்கும் அன்பர்களே, இது உங்களுக்காகத்தான்.

புண்ணியவான் செய்த வண்டி

முட்டத்து சூசை அண்ணனிடம் பழைய வேன் ஒன்று உண்டு. பானெட்டைத் தூக்கினால் பல்பின் முதுகு நேராகக் கண்ணில் படும். பிளக்கை உருவி, ரப்பர் மூடியை எடுத்து, கிளிப்பைத் தள்ளினால் பல்ப் கைக்கு வந்துவிடும். அதை வரைந்த புண்ணியவான் தானும் ஒருநாள் பல்ப் மாற்றியிருப்பான். அண்ணன் டீ சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்; டீ வந்தபோது நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

"ஏலே, டீ ஆறக்கூட இல்ல, அதுக்குள்ள தீந்துட்டா? ஒழுங்கா பாத்தியா மக்கா?"

எண்ணெய்க் குளியல்

கடியப்பட்டணத்தில் மீன் வண்டி ஓட்டும் ஸ்டீபனுக்கு வாரம் ஒரு பல்ப் போனது. வயரிங்கை எல்லாம் சோதித்துவிட்டுப் பல்பைக் கழற்றினால், கையிலிருந்து வழுக்குகிறது! உப்புக்காற்றுக்குப் பயந்து நட்டு, போல்ட், பூட்டு என்று எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவுவது கடற்கரை வழக்கம். இவன் பல்பின் கண்ணாடிக்கும் தடவியிருக்கிறான். விரல் பட்டாலே ஆகாத கண்ணாடி அது. எண்ணெய் இருந்த இடத்தில் சூடேறி வெடித்துவிடும். ஆனாலும் அந்த வண்டியில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"எண்ணெ இல்லாம அது எப்பிடி அண்ணே உப்புல நிக்கும்? பாவமில்லியா?"

டீச்சர் படித்த பக்கம்

ஒரு முகூர்த்த நாள், மாலை ஐந்து மணி. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மகனோடு வந்தார். மகனுக்கு வளைகுடாவில் வேலை. அன்றிரவு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறாவிட்டால் அந்த வேலை போய்விடும். காரில் ஒரு லைட் ஏற்கெனவே போயிருந்தது, இப்போது மற்றதும் போய்விட்டது. வாடகைக் கார்கள் எல்லாம் கல்யாண வீடுகளில் நின்றன.

"பம்பரைக் கழத்தணும் டீச்சர், பத்து வருசமா அப்பிடித்தான் மாத்துதேன், ரெண்டு மணிக்கூர் ஆவும்" என்றேன். மகன் முகம் செத்துவிட்டது.

டீச்சர் டாஷ்போர்டிலிருந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கையேட்டை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கச் சொன்னார். ஒடித்தேன். டயருக்குப் பின்னாலிருந்த கறுப்புத் தடுப்பில் சின்னதாய் ஒரு மூடி! திறந்து கையை விட்டால் நேரே பல்ப். பத்து வருஷமாக நான் வாயாரத் திட்டிய டிசைனர், எனக்கென்றே ஒரு வாசல் வைத்திருக்கிறான். வெட்கமாகவும் இருந்தது, அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இருபது நிமிடத்தில் இரண்டு லைட்டும் எரிந்தன. மகன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். ஏறும் முன் டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, பத்து வருசமா பம்பரக் கழத்துனியளே, ஒரு நாளாவது இந்தப் பக்கத்தப் பொரட்டிப் பாத்தியளா?"

பம்பர் கழற்றக் கூலி கொடுத்துவிட்டு இப்போது இதைப் படிக்கும் என் பழைய வாடிக்கையாளர்களே, உங்கள் காரின் கையேடு அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பத்திரமாக இருக்கட்டும்.