பவுனம்மாளின் பானை மேடை

ரங்கூனில் பபேடான் பேட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பவுனம்மாள் லேசில் யாருக்கும் பயப்படுகிறவள் அல்ல. கடை தொடங்கிய புதிதில், துறைமுகக் கூலிகள் பசியில் முண்டியடித்ததில் ரசப் பானை கவிழ்ந்து ஒருவருடைய வேட்டி முழுக்க ரசம். மறுநாளே கொத்தனாரைப் பிடித்துச் செங்கல் மேடை கட்டி, நான்கு பானைகளையும் கழுத்துவரை அதற்குள் புதைத்துவிட்டாள். அப்புறம் யார் இடித்தாலும் இடித்தவருக்குத்தான் வலி.

அந்த மேடைக்குத்தான் 1926இல் ஆபத்து வந்தது. புதிதாக வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் ஆரோக்கியநாதன் தொப்பியைக் கழற்றாமலே சுற்றிப் பார்த்தார். "நாகரிகமான ஊர் எதுலயும் இப்படிப் பானையைப் புதைச்சு வைக்க மாட்டாங்க. திங்கட்கிழமைக்குள்ள இடிச்சுடணும். இல்லேன்னா கடைக்குப் பூட்டு" என்றார். துறைமுக மணி அடித்ததும் வந்து விழும் நூறு பேருக்கு, மேடை இல்லாமல் அவள் ஒண்டியாகச் சோறு போட முடியாது. கடை போனால் கப்பலேற வேண்டியதுதான். ஊரிலோ அவளுக்கென்று நாதியில்லை. பவுனம்மாள் முதல்முறையாகப் பயந்தாள்.

ஞாயிறு மத்தியானம் மிஷன் பள்ளிக்கூடத்தில் பர்னபாஸ் வாத்தியார் விளக்குப் படம் காட்டுகிறார், இன்ஸ்பெக்டர்தான் தலைமை என்று கேள்விப்பட்டாள். காலில் விழுந்தாவது கேட்டுப் பார்ப்போம் என்று போனாள். ஜன்னல்களை அடைத்து இருட்டாக்கி, ரோமாபுரிக்காரர்களின் பொம்பேயி என்ற ஊரைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார் வாத்தியார். எரிமலைச் சாம்பலில் புதைந்து, ஆயிரத்து எழுநூறு வருஷம் கழித்துத் தோண்டியெடுத்த ஊராம். கல் பாவிய தெரு, குளிக்கும் மண்டபம், அடுப்பிலேயே கரிந்துபோன ரொட்டி. ஒவ்வொன்றுக்கும் "ஆகா, என்ன நாகரிகம்!" என்று உருகியவர் இன்ஸ்பெக்டரேதான்.

அடுத்த படம் ஒரு சாப்பாட்டுக் கடை. தெருவைப் பார்த்த கல் மேடை. அதில் கழுத்துவரை புதைத்த பானைகள்.

"வாத்தியாரய்யா, படத்தை மாத்தாதீங்க!" பவுனம்மாள் எழுந்துவிட்டாள். "இன்ஸ்பெக்டரய்யா, நல்லாப் பாருங்க. இது நாகரிகமான ஊருதானே?"

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "அந்த ஊர்தான் அழிஞ்சே போச்சேம்மா!"

"ஊரு அழிஞ்சுதுங்கய்யா. மேடை அப்படியே நிக்குதே!"

வாத்தியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி சரி, மூடி போட்டு வச்சுக்கோ" என்றார் இன்ஸ்பெக்டர், திரையைப் பார்த்தபடியே.

பவுனம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்லவேளை, அறை இருட்டாக இருந்தது. இன்ஸ்பெக்டரின் முகத்துக்கும் அது வசதியாகப் போயிற்று.