கடப்பாக் கல்லில் விழுந்த தேமல்

போன வாரம் எங்கள் துடியலூர் வீட்டுச் சமையல் மேடையைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போட்டார்கள். உடைத்த கடப்பாக் கல்லை வாசலில் போட்டுத் தண்ணீர் தெளித்ததும் ஒரு சேற்று வாசனை வந்தது பாருங்கள், தொண்ணூறுகளின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டேன்.

நான் படித்தது நிலவியல். வேலை மட்டும் பம்ப்செட் கடையில். மனிதனே இல்லாத காலத்தில் ஆறுகள் கொண்டுபோய்க் கொட்டிய வண்டலும், ஆழமில்லாத கடலில் படிந்த சுண்ணாம்புச் சேறும், ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கித்தான் இந்த மாதிரிக் கற்கள் உண்டாயின. அதனால்தான் கடப்பாக் கல் அடுக்கி வைத்த தோசை போலத் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். நம் ஊர்ப் பாறை வெடி வைத்தால்தான் அசையும். மோட்டார் வாங்க வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லுவேன். முதலாளி என்னை குடோனுக்கு மாற்றினார்.

அன்றைக்கு உடுமலையிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தன. அம்மா பித்தளைக் குடம் தேய்த்த கையோடு, பளபளப்பாக இருக்கட்டும் என்று அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்த கடப்பாக் கல் மேடையையும் எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்துவிட்டார். கல் மெல்ல நுரைத்தது. தடுக்க வேண்டியவன், "பாத்தீங்களாம்மா, சுண்ணாம்புக் கல்லுன்னா புளிப்புக்கு இப்படித்தான் பொங்கும்" என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காய்ந்ததும் கறுத்த மேடையெங்கும் வெள்ளைத் திட்டு.

வந்தவர்களில் பெண்ணின் அத்தை நேராகச் சமையலறைக்குத்தான் போனார்.

"ஏனுங்க மாப்ள, புதுக் கல்லுன்னாங்க. தேமல் புடிச்சிருக்குதுங்களே?"

கல் விற்ற கடைக்காரன் தலையில் பழியைப் போடு என்று அம்மா கதவோரம் நின்று கண்ணைக் காட்டினார். என் வாய் கேட்டால்தானே? ஆற்றில் ஆரம்பித்து, கடலில் இறங்கி, எலுமிச்சம்பழத்தில் வந்து நின்றேன். அத்தையின் காப்பி ஆறிப்போயிருந்தது.

"அப்பக் கடலையே கொண்டாந்து போட்டு, அது மேல எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சுபோட்டீங்க" என்றார். சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு, இதுவும் தட்டிப்போச்சு என்று அம்மா மேடைமேல் ஒரு சாக்கை விரித்து மூடினார்.

ஆனால் சம்மதம் வந்தது. அத்தை ஊரில் போய்ச் சொன்னதைக் கல்யாணத்துக்குப் பிறகு மனைவிதான் சொன்னாள்: "பேச்சு நீளந்தான் கண்ணு. ஆனா அந்தப் பையனுக்குப் பொய் சொல்லத் தெரியல. கட்டிக்க."

இப்போது அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. கல்லும் குப்பை வண்டியில் போய்விட்டது. நேற்று புது மேடையில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு நின்று பார்த்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை.

"ஏனுங்க, அது பொங்காதுங்க" என்றாள் பின்னாலிருந்து மனைவி. "தொடச்சுபோட்டு வாங்க."