டுனீடினில் இல்லாத பையன்

ஷாமளா அக்காவின் மகன் நவினைக் காட்டித்தான் நான் ஒரு வருடமாக என் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் டுனீடினில் டாக்டருக்குப் படிக்கிறான், நீங்கள் ஃபோனை நோண்டிக்கொண்டு உட்காருங்கள் என்று. அந்த வருடம் முழுக்க நவின் நியூசிலாந்தின் தெற்கே இருக்கிற டுனீடினில் இல்லை, இங்கே ஆக்லாந்தில், லின்ஃபீல்டில்தான் இருந்தான். அக்கா வீட்டின் கடைசி அறையில், திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான்.

அக்கா மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவர். ஆக்லாந்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புடவை பொருந்தவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள். பொய் அவருக்கு வராது என்றுதான் கோயிலில் எல்லோரும் நினைத்திருந்தோம். கணவர் சுந்தரம் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். பையனுக்குச் சோம்பேறித்தனம் என்று ஃபோனிலேயே கத்திவிட்டு வைத்துவிடுவார்.

2015 ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நவின் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் அழுதான். அப்புறம் அழுவதையும் விட்டுவிட்டான், அதுதான் அக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டான், தூங்கினான், சுவரைப் பார்த்தான். கோயிலில் யாரோ கேட்டபோது "டுனீடின்ல நல்லா படிக்கிறான்" என்று அக்கா வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கப்புறம் அவனை யார் கண்ணிலும் காட்ட முடியாமல் போயிற்று. ஆள் வந்தால் அறையை விட்டு வரக்கூடாது, இருமக்கூடாது, டாய்லெட்டில் தண்ணீர்கூட இழுக்கக்கூடாது. அந்த ஹாலில் உட்கார்ந்து நானே முறுக்கு தின்றிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

அடுத்த மார்ச்சில் ஒருநாள், சாப்பாட்டுத் தட்டை வைக்கப் போன அக்காவிடம் நவின் தானாக ஒரு வார்த்தை பேசினான். குவாக்கா கிளம்பப் போகிறது என்றான். குவாக்கா என்பது சேற்றைக் கிளறித் தின்னும் நீண்ட மூக்குப் பறவை. வடகோடியில் பரெங்கரெங்கா கழிமுகத்தில் கூட்டமாகச் சேர்ந்து, அங்கிருந்து பசிபிக்கைக் கடந்து ஆசியா வழியாக அலாஸ்காவுக்குப் போகும். சின்ன வயதில் அவனுக்குப் பறவை என்றால் உயிர். மாதக்கணக்கில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே ஆசை அது. அக்கா அன்றைக்கே படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்தார். சின்ன காரைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாதவர். பையன் ஒரே ஒரு தடவை வெளியே இறங்கி நிற்க வேண்டும், அதைப் பார்த்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

கராஜுக்குள் வேன் நுழையாது. வாசலில் ஒட்டி நிறுத்தி, போர்வையைப் போர்த்தி அவனை உள்ளே ஏற்றினார். ஹார்பர் பாலம் தாண்டும்வரை படுத்தே இரு, திரையை விலக்காதே என்று சொன்னார். பாலம் தாண்டியது. வாங்கரெய் ஊரும் தாண்டியது. அவன் விலக்கவே இல்லை.

அக்காவுக்குப் பயம் ஏறியது. வழியில் பார்த்த உயிரையெல்லாம் கூவ ஆரம்பித்தார். சாலையில் செத்துக் கிடந்த பாஸம் என்கிற காட்டுப் பிராணியைக் கொத்திக்கொண்டிருந்த பருந்து, வேலியோரம் நீலக் கோழி மாதிரி நடந்த புகேகோ எதையும் விடவில்லை. மங்காமுக்கா மலைப்பாதை வளைவுகளில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு மாட்டைக்கூடக் காட்டினார். கைட்டாயாவுக்கு அப்பால், பைன் காட்டோரம் காட்டுக்குதிரைகள் நின்றன. ஒரு குட்டி சாலையிலேயே நின்று வேனைப் பார்த்தது. வண்டியை நிறுத்தி, "நவின், குதிரைப்பா. ஒருவாட்டி பாரு லா" என்று கெஞ்சினார். பின்னால் திரை அசையவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுததாக அக்கா பின்னால் என்னிடம் சொன்னார்.

பரெங்கரெங்காவில் ஒரு ஒதுக்குப்புறமான கரையில் வேனை நிறுத்தினார். எதிர்க்கரையில் மணல் உப்புக் கொட்டிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் விளிம்பில் பறவைகள், தரையே தெரியாத அளவுக்கு. அக்கா அவனைக் கூப்பிடாமல் சோற்றுக்கு அரிசி களைந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் உள்ளே போய்விடுவானோ என்று களைந்த அரிசியையே மறுபடி களைந்தார். நவின் செருப்பில்லாமல் இறங்கி நின்றான். பிறகு அம்மாவைக் கூப்பிட்டான். பறவைகளுக்கு மார்பெல்லாம் செவந்துவிட்டது, கொழுப்பேறி உடம்பு தடித்துவிட்டது, இன்றைக்கே அவை கிளம்பக்கூடும் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னான். அக்கா அவன் பக்கத்தில் போய் நின்றார். எத்தனை நாள் கழித்து அவன் முகத்தை வெயிலில் பார்த்தாரோ.

அப்போதுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

ஈஸ்டர் லாங் வீக்கெண்டுக்கு நாங்களும் ஒரு வேன் எடுத்துக்கொண்டு நாட்டின் வடகோடியில் இருக்கிற ரெயிங்கா முனைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அத்துவானத்தில் ஒரு தமிழ் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில், "ஷாமளாக்கா" என்று ஜன்னல் வழியே கத்தினேன். அக்கா திரும்பினார். கண்ணிமைக்கிற நேரம்தான். பக்கத்தில் நின்ற பையனின் கையைப் பிடித்து இழுத்து வேனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் பார்த்தது ஒரு முதுகை மட்டும்.

"யாருக்கா அது?"

"யாருமில்ல ரத்னா. தனியாத்தான் வந்தேன். பசியாறிட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? நவின் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். நல்லா இருக்கான், பரீட்சை நேரம், டுனீடினை விட்டு நகர முடியவில்லை என்றார். வேனின் சுவர் அட்டை கனம்தான், பேசுவதெல்லாம் உள்ளே கேட்கும். அக்கா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு இன்னும் நாலு கேள்வி கேட்டேன். நாலுக்கும் பதில் சொன்னார்.

பறவைகளின் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. திடீரென்று ஒரு கூட்டம் எழும்பியது. பின்னாலேயே இன்னொன்று. அக்கா டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். கதவை இழுத்தார். உள்ளே பூட்டியிருந்தது.

"நவின், கிளம்பிருச்சுப்பா. வெளிய வா. கதவத் தொற."

உள்ளேயிருந்து கோபமே இல்லாத ஒரு குரல் வந்தது.

"நான் டுனீடின்ல இருக்கேன்மா."

அக்கா கதவில் நெற்றியை முட்டிக்கொண்டார். பின்பக்கம் வானத்தில் பறவைகள் வரிசை பிடித்து வடக்கே போய்க்கொண்டிருந்தன, அவர் அதைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "என் பையன் எங்கயும் படிக்கல ரத்னா. ஒரு வருசமா வீட்டுலதான் இருக்கான். உடம்பு சரியில்ல. நான்தான் ஒளிச்சு வச்சேன், மானம் போயிரும்னு. ஊருக்குப் போனதும் கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிரு. சொல்றேன்னு சத்தமா சொல்லு, அவனுக்குக் கேக்கணும்."

"சொல்றேன்க்கா" என்று வேனைப் பார்த்துச் சொன்னேன். போதாது என்று அக்கா தலையை ஆட்டினார். கத்திச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போனார்.

பூட்டு திறக்க நேரமாயிற்று. திறந்தபோது வானத்தில் ஒன்றுமில்லை. நவின் இறங்கவில்லை. படியில் உட்கார்ந்து காலை மட்டும் வெளியே நீட்டினான். பார்க்க வந்ததை அவன் பார்க்க விடாமல் செய்தது தானேதான் என்று அக்கா முகத்தில் எழுதியிருந்தது. கரையைக் கை காட்டினார். அங்கே கொஞ்சம் பறவைகள் இன்னும் சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றன, மார்பு செவக்காமல், வெளிறிப்போய்.

"அதுங்க ஏம்பா போகல?"

நவின் கழுத்தை நீட்டி அவற்றைப் பார்த்தான்.

"அதுங்க சின்னதும்மா. இன்னும் ரெடி ஆகல. இந்த வருசம் போகாது. அடுத்த வருசமும் போகாம இருக்கலாம்."

அக்கா அவன் காலடியில் மணலில் உட்கார்ந்தார். அவன் பாதத்தில் ஒட்டியிருந்த மணலைப் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டார்.

"இருந்துட்டுப் போகட்டும்பா" என்றார்.